தன் கையால்

ஜூலையில் பள்ளிக்கு விடுமுறை. எங்களுக்கு இல்லை.
எல்கொய்பாரில், பாஸ்க் மலைகளுக்கு நடுவே,
தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் பன்னிரண்டு பேருக்கு
நாற்பது மணி நேரப் புத்தாக்கப் பயிற்சி.
ஐந்து நாளும் கையெழுத்துப் போட்டால்
சம்பள ஏணியில் கால் படி.
அதற்காகத்தான் வந்தேன், மறைப்பானேன்.

வெளியே தூறல். டெபா ஆறு கலங்கி ஓடுகிறது.
உள்ளே அளவை அறை, இருபது டிகிரி,
கூடவும் கூடாது குறையவும் கூடாது.
நெகானே குளிர்கிறதென்று மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை.

பயிற்சி தர வந்த கராசி
முன்னுரை எதுவும் இல்லாமல்
மேசைமேல் ஓர் எஃகு உருளையை வைத்தாள்.
கட்டைவிரல் தடிமன், எண்ணெய் மினுக்கம்.
"அளங்கள். மூன்று முறை. எழுதி மடித்துக் கொடுங்கள்.
பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத வேண்டாம்."

சிரித்தோம்.
இருபத்தாறு வருடம் லேத் முன்னால் நின்ற கோல்தோ
மைக்ரோமீட்டரை வாங்கிய விதத்திலேயே ஒரு கொட்டாவி இருந்தது.

முப்பத்தாறு எண்கள்.
கராசி அவற்றைப் பலகையில் புள்ளிகளாக வைத்தாள்.
ஒரே உருளை,
கை தவறிக் கொட்டிய கடுகாகச் சிதறிக் கிடந்தது.

உருளை மாறவில்லை, கருவி மாறவில்லை,
அறையின் சூடு மாறவில்லை.
மிச்சம் நாங்கள்தான்.

ஒருவர் கடைசித் திருகில் கொஞ்சம் அழுத்துகிறார்.
ஒருவர் உள்ளங்கையில் பொத்திப் பொத்தியே
இரும்புக்குக் காய்ச்சல் வரவைக்கிறார்.
கோல்தோ, கோடு தெரியும் முன்பே எண்ணை முடிவு செய்துவிடுகிறான்.
நான்?

24.984
24.991
24.979

பெரியதற்கும் சிறியதற்கும் இடையே பன்னிரண்டு மைக்ரான்.

ஒரு தலைமுடியை எழுபதாக வகிர்ந்தால்
அதில் ஒரு பங்குதான் மைக்ரான், ஏறக்குறைய.
ஆனாலும் வகுப்பில் நான் வெட்டொன்று துண்டு இரண்டு.
24.980க்குக் கீழே இறங்கினால் சிவப்புக் கோடு,
மறுபேச்சு கிடையாது.
எறும்பும் தன் கையால் எண் சாண், சரி.
அந்தக் கையை யார் அளந்தது?

அன்றிரவு பரண்மேல் பெட்டியில் தேடி எடுத்தேன்,
பழைய மதிப்பெண் குறிப்பேடு.
ஓயெர் எச்செபெரியா, இறுதித் தேர்வு, மூன்றாம் பாகம்: 24.976.
தவறியது நான்கு மைக்ரானில்.
மறுதேர்வுக்கு அவன் வரவில்லை.
நான் அளந்தது ஒரே ஒரு முறை.
மணி ஒன்றரை ஆகியிருக்கும். பசி.

கடைசி நாள் படிவம் ஒன்று கொடுத்தார்கள்.
"இங்கே கற்றதை வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்துவீர்கள்?"
பதிலுக்கு மூன்று வரி இடம்.
நெகானே மூன்றையும் நிரப்பி ஓரத்திலும் எழுதினாள்.
கோல்தோ "நன்று" என்றெழுதிப் பேனாவை மூடினான்.
நான் எழுதியதை அடித்தேன்,
அடித்ததன்மேலேயே மறுபடி எழுதினேன்.
யாராலும் அதைப் படிக்க முடியாது.

சனிக்கிழமை, ஒண்டாரோவா துறைமுகம்.
ரப்பர் பூட்ஸும் முழங்கைவரை செதிலுமாக ஓயெர்.
தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு
எண்ணை மட்டும் சொன்னேன்.
அவன் ஐஸ் வாருவதை நிறுத்தவில்லை.

"நான்கா?
ஆறு வருஷமா நாற்பதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.
நீங்க எண்ணைச் சொல்லவே இல்லையே டீச்சர்,
கோடு மட்டும்தானே போட்டீங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெண் செருமினாள்.
நெத்திலி ஒரு கிலோ, என்றேன், வேறென்ன சொல்ல.
தராசில் எண்கள் தடுமாறித் தடுமாறி
1.000 என்று நின்றன.
அவன் அதைப் பார்த்தான்.
பிறகு கொசுறாக ஒரு கை அள்ளி மேலே போட்டான்,
காசை எண்ணாமல் பையில் திணித்தான்,
"அடுத்து யாரு?" என்றான்.